எலும்பு வளரும் வரை

ஆம்ப்ரோஸின் காலிலிருந்து எலும்புத் துணுக்கு வெளியே வரப்போகிறது என்றால் முன்கூட்டியே காய்ச்சல் அடிக்கும். இடது முழங்காலுக்குக் கீழே, முன்பக்கத்தில், சுண்டுவிரல் நுனி நுழையும் அளவுக்கு ஒரு துளை. சுற்றிலும் தோல் கருத்து, மெல்லியதாகப் பளபளவென்று இருக்கும். காய்ச்சல் வந்ததும் துளையிலிருந்து சீழ் கூடுதலாக இறங்கும். பிறகு மீன்முள் போல ஏதோ ஒன்று துளையின் வாயில் வந்து நிற்கும். அற்புதமேரி அதைச் சிறு இடுக்கியால் பிடித்து மெல்ல இழுப்பாள். ஓரமெல்லாம் அரித்துப்போய், பழுப்பு நிறத்தில், நாற்றத்தோடு கைக்கு வரும். அவள் கணவனின் எலும்புதான். உள்ளேயே செத்துப்போய், உடம்பு வேண்டாமென்று தள்ளிவிட்ட பகுதி.

எடுத்ததும் காய்ச்சல் விடும். ஆம்ப்ரோஸ் தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வான்.

"போச்சா?"

"போச்சு. சின்னதுதான்."

"இன்னும் எத்தன இருக்கோ உள்ள."

அவள் துளையைக் கழுவி, கொதிக்கவைத்து ஆறிய துணியை உள்ளே திணித்து, மேலே கட்டுப் போட்டுவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாள். பிறகு அதே கையோடு தொழிற்சாலைப் பேருந்தைப் பிடிக்க ஓடுவாள்.

கல்யாணமாகி இரண்டு வருடம் முடிவதற்குள் இது ஆரம்பித்தது. 1979இல் ஆம்ப்ரோஸ் ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் கிரேனுக்குச் சங்கிலி மாட்டும் வேலையில் இருந்தான். மழை விட்ட ஒரு மத்தியானம் இரும்புத் தகடு ஒன்று சங்கிலியிலிருந்து நழுவி அவன் கால்மேல் விழுந்தது. எலும்பு உடைந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. சேறும் துருவும் அதன்மேல் அப்பியிருந்தன. மருத்துவமனையில் கழுவினார்கள், தகடும் திருகாணியும் வைத்து எலும்பைச் சேர்த்தார்கள். எலும்பு ஒருவழியாகச் சேர்ந்தது. ஆனால் சேறோடு உள்ளே போன கிருமி எலும்புக்குள்ளேயே தங்கிவிட்டது. தகட்டை எடுத்தார்கள். திரும்பத் திரும்பத் திறந்து சுரண்டினார்கள். ஒவ்வொரு முறையும் சில மாதம் காயம் மூடியிருக்கும். பிறகு அதே இடத்தில் தோல் சிவந்து, மெலிந்து, வெடித்துக்கொள்ளும்.

வலியைக்கூட அவன் பொறுத்துக்கொண்டான். பொறுக்க முடியாதது நாற்றம். ஞாயிற்றுக்கிழமை ஓபிர் ரோட்டு லூர்து மாதா கோயிலில் தமிழ்ப் பூசைக்குப் போகும்போது கடைசி வரிசையில், கதவோரத்தில்தான் உட்காருவான். மின்விசிறிக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்வான். ஒருநாள் அவனுக்கு முன் வரிசையில் இருந்த பெண் ஒருத்தி கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்தாள். அவளுக்குச் சளியாகக்கூட இருந்திருக்கலாம். ஆம்ப்ரோஸ் நற்கருணைக்கு முன்பே எழுந்து வெளியே போனான். அதற்குப் பிறகு அவன் பூசைக்குப் போகவில்லை. மேரி தனியாகப் போய்வந்தாள்.

ஒரு மூத்த மருத்துவர் காலை எடுத்துவிடலாம் என்று சொன்னார். முழங்கால் மிஞ்சும், செயற்கைக் கால் போட்டால் நன்றாக நடக்கலாம் என்றார். மேரி அன்று வீட்டுக்கு வரும் வழியில், பேருந்திலேயே சொன்னாள்.

"எடுத்துடலாங்க."

அவன் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெனம் தெனம் இப்படி இருக்கறதுக்கு ஒரேயடியா..."

"உனக்குக் கட்டுப் போட்டுக் கட்டுப் போட்டு அலுத்துப்போச்சு. அதச் சொல்லு."

"அலுத்துத்தான் போச்சு. அதுல என்ன தப்பு?"

"என் காலு, மேரி. நான் செத்தப்புறம் எடுத்துக்க."

அந்த வாரம் முழுக்க அவளோடு பேசவில்லை. கட்டுப் போடும்போது மட்டும் காலை நீட்டுவான்.

1985 தொடக்கத்தில் அந்த மருத்துவமனைக்கு டாக்டர் சுந்தரம் வந்தார். இங்கிலாந்தில் எலும்பு சிகிச்சை படித்துவிட்டுத் திரும்பியிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். ஆம்ப்ரோஸின் எக்ஸ்ரே படங்களை வெளிச்சப் பெட்டியில் வரிசையாக மாட்டி, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் நெடுநேரம் பார்த்தார். இதுவரை எந்த டாக்டரும் அந்தப் படங்களை உட்கார்ந்து பார்த்ததில்லை.

"மிஸ்டர் ஆம்ப்ரோஸ், ஊசி போட்டா மருந்து ரத்தத்தோட போகும். செத்த எலும்புக்கு ரத்தமே போறதில்ல. அப்ப மருந்து எப்படிப் போகும்? கிருமி அங்க பத்திரமா உக்காந்திருக்கு. டோஸ கூட்டினா கிட்னி போயிடும், காது போயிடும். அதனால மருந்தையே அந்த எடத்துல கொண்டுபோய் வைக்கணும்."

"மூணு வருஷம் முந்தி மணி வச்சாங்களே டாக்டர்," என்றான் ஆம்ப்ரோஸ்.

அப்போது வைத்தது கம்பியில் கோத்த சிறு மணிகள். எக்ஸ்ரேயில் பார்த்தபோது செபமாலையை யாரோ காலுக்குள் போட்டுத் தைத்துவிட்டது போலத் தெரிந்தது. மணிகளில் ஏற்றியிருந்த மருந்து தீர்ந்ததும் மறுபடி காலைத் திறந்து கம்பியோடு உருவி எடுத்தார்கள். உருவிய இடம் வெறும் குழியாக நின்றது. சில மாதங்களில் அந்தக் குழியில் சீழ் கட்டியது.

"அந்த மணி கரையாது. எடுத்துத்தான் ஆகணும். இது அப்படி இல்ல." டாக்டர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சிறு புட்டியை எடுத்து அவன் உள்ளங்கையில் கவிழ்த்தார். வெள்ளையாக, மாத்திரை போல நான்கைந்து வில்லைகள் விழுந்தன. "மாவுக்கட்டு போடுறோமே, அதே மாவுதான். இதுல மருந்து கலந்து வில்லையா வார்த்து, உங்க எலும்புல இருக்கற குழியச் சுத்தமா சுரண்டிட்டு உள்ள நெரப்புவோம். இடுப்பு எலும்புலேருந்து கொஞ்சம் எடுத்து அதோட சேத்து வைப்போம். வில்லை கரையக் கரைய மருந்து கொஞ்சங்கொஞ்சமா வெளிய வரும், கிருமியக் கொல்லும். முழுசாக் கரைஞ்சு உடம்போட போயிடும். வெளிய எடுக்க வேண்டியதில்ல. அந்த எடத்துல உங்க எலும்பே வளந்து வரணும்."

"வருமா டாக்டர்?" என்று மேரி கேட்டாள்.

"சில பேருக்கு வந்திருக்கு. சில பேருக்கு வரல. இங்க இன்னும் அதிகம் பேருக்குச் செஞ்சு பாக்கல. பொய் சொல்லக் கூடாது." டாக்டர் ஆம்ப்ரோஸைப் பார்த்துத் திரும்பினார். "ஒண்ணு மட்டும் ரெண்டு பேரும் நல்லாக் கேட்டுக்கங்க. மாவு சீக்கிரம் கரைஞ்சிடும். எலும்பு அவ்வளவு வேகமா வராது. நடுவுல சில மாசம் அந்தக் குழியில மாவும் இருக்காது, எலும்பும் இருக்காது. வலி இருக்காது, சீழ் இருக்காது, கால் நல்லாருக்கற மாதிரியே தோணும். ஆனா உள்ள காலி. சுத்தி இருக்கறது முட்டை ஓடு மாதிரி. நான் சொல்ற வரைக்கும் கால தரையில ஊனக் கூடாது."

"ஆறு வருஷம் பொறுத்தவன் டாக்டர் நான்," என்றான் ஆம்ப்ரோஸ்.

அறுவை சிகிச்சை முடிந்த இரண்டாவது வாரம் கட்டு நனைந்திருந்தது. மேரி பிரித்துப் பார்த்தாள். பால் கலந்த தண்ணீர் போல வெள்ளையாகக் கசிந்துகொண்டிருந்தது. குனிந்து மோந்து பார்த்தாள். நாற்றம் இல்லை. ஆனாலும் அன்றைக்கே அவனை டாக்சியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனாள்.

டாக்டர் சுந்தரம் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது சீழ் இல்ல. மாவு கரையுது."

கசிவு சில வாரம் இருந்தது. பிறகு குறைந்தது. ஒருநாள் காலையில் கட்டைப் பிரித்தபோது துணி போட்டபடியே காய்ந்து வெள்ளையாக இருந்தது. மேரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மறுநாளும் அப்படியே. துளை இருந்த இடத்தில் தோல் மூடி, சுருங்கி, ஒரு பள்ளம் மட்டும் மிஞ்சியது. அதற்குப் பிறகு கட்டே தேவைப்படவில்லை. அவளுக்குக் காலையில் அந்த நேரத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. சமையலறையில் போய்ச் சும்மா நின்றாள். ஆம்ப்ரோஸ் கூடத்திலிருந்து கூப்பிட்டான்.

"மேரி, இங்க வந்து உக்காரு."

போய் உட்கார்ந்தாள்.

"நாத்தம் அடிக்குதா?"

"இல்ல."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"பவுடர் வாசந்தான் அடிக்குது," என்றாள். அவன் அழுதான். கல்யாணத்துக்குப் பிறகு அவன் அழுது அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் பூசைக்குப் போனார்கள். இரண்டு ஊன்றுகட்டைகளையும் அக்குளில் வைத்து, இடது காலை மடக்கித் தொங்கவிட்டபடி அவன் கோயிலின் நடு வரிசைவரை போய் உட்கார்ந்தான். பிறகு தேக்காவுக்குப் போய், புதுச் சந்தைக் கட்டடத்தில் மீனும் முருங்கைக்காயும் வாங்கினார்கள். பஃபலோ ரோட்டில் மல்லிகை விற்றுக்கொண்டிருந்தவளிடம் அவனே ஒரு முழம் கேட்டு வாங்கி மேரியிடம் கொடுத்தான்.

ஒவ்வொரு முறை மருத்துவமனைக்குப் போகும்போதும் டாக்டர் புதுப் படத்தைக் காட்டினார். முதல் படத்தில் குழி நிறைய வெள்ளை வெள்ளையாக வில்லைகள் தெரிந்தன. அடுத்ததில் அவை மங்கியிருந்தன. மூன்றாவதில் குழி கறுப்பாக இருந்தது.

"பாத்தீங்களா? இப்பத்தான் ஜாக்கிரதையா இருக்கணும். இந்தக் கறுப்பு, சாம்பலாகி, அப்புறம் வெள்ளையாகணும். அது எலும்பு."

"எப்ப ஆகும் டாக்டர்?"

"வருஷம் முடியட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

வருடம் முடியும்வரை காலம் அவர்களை விட்டுவைக்கவில்லை. அந்த வருடம் நாடு முழுவதும் வேலைகள் போய்க்கொண்டிருந்தன. கப்பல் பட்டறைகளில் ஆட்களை அனுப்பினார்கள். மின்னணுத் தொழிற்சாலைகளிலும் அனுப்பினார்கள். ஆகஸ்டில் மேரி வேலைபார்த்த தொழிற்சாலையில் ஆள்குறைப்பு வந்தது. அவள் வரிசையில் இருந்த பெண்கள் அத்தனை பேரையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆறு வருடமாக அந்த வீடு அவள் சம்பளத்தில்தான் ஓடியது. அவள் எங்கெங்கோ ஏறி இறங்கினாள். வீட்டு வேலைக்குக்கூடக் கேட்டுப் பார்த்தாள். எங்கேயும் ஆட்களை எடுக்கவில்லை.

செப்டம்பரில் ஆம்ப்ரோஸ், "வேல கெடச்சிருக்கு," என்று சொன்னான்.

அவனோடு கப்பல் பட்டறையில் வேலைபார்த்த சேக் தாவூது, ரெட்ஹில் பக்கம் ஒரு கிடங்கில் காவல்காரர்களுக்கு மேற்பார்வையாளராக இருந்தான். அங்கே பகல் காவலுக்கு ஆள் வேண்டுமாம்.

"கால வச்சுக்கிட்டு எப்படிங்க?"

"உக்காந்துக்கிட்டுப் பாக்கற வேல. கேட்டுப் பக்கத்துல கூண்டு இருக்கு. லாரி வந்தா நம்பர் எழுதணும். அவ்வளவுதான்."

"டாக்டர்கிட்ட கேட்டீங்களா?"

"உக்காந்திருக்கறதுக்கு டாக்டர்கிட்ட என்ன கேக்கறது?"

அவன் தினமும் காலையில் கிளம்புவான். அவர்கள் குவீன்ஸ்டவுனில் ஆறாவது மாடியில் இருந்தார்கள். பழைய அடுக்குமாடி, லிஃப்ட் நான்காம் மாடியில்தான் நிற்கும். இரண்டு மாடி கட்டைகளோடு இறங்க வேண்டும். மேரி அவனோடு லிஃப்ட் வரை போய் விட்டுவிட்டு வருவாள். தோளில் ஒரு துணிப்பை தொங்கும். சாப்பாட்டுப் பெட்டி என்று அவள் நினைத்தாள். சாப்பாட்டுப் பெட்டியும் இருந்தது. அடியில், செய்தித்தாளில் சுற்றி, அவனுடைய இடது கால் சப்பாத்தும் இருந்தது.

அவள் அதைக் கண்டுபிடித்தது மூன்றாவது வாரத்தில். பையைத் துவைக்க எடுத்தபோது சப்பாத்து கையில் தட்டுப்பட்டது. கல்யாணத்துக்கு வாங்கிய ஜோடி. வலது கால் சப்பாத்து தேய்ந்து பலமுறை அடித்தோல் மாற்றியிருந்தார்கள். இடது காலுடையது ஆறு வருடமாகப் பெட்டியில் புதிதாகவே கிடந்தது. இப்போது அதன் குதிகால் ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தது. அடியில் சிமெண்டுத் தூசி ஒட்டியிருந்தது.

அவளுக்கு எல்லாம் உடனே விளங்கியது. கட்டையோடு வருகிறவனை யாரும் காவலுக்கு வைக்க மாட்டார்கள். அவன் எங்கோ ஓர் இடத்தில் கட்டைகளை வைத்துவிட்டு, இரண்டு சப்பாத்தும் போட்டுக்கொண்டு, காலில் குறையில்லாதவனாக நடந்து உள்ளே போகிறான். கிடங்கைச் சுற்றி வருகிறான். படி ஏறுகிறான்.

ஆம்ப்ரோஸ் அப்போது குளித்துக்கொண்டிருந்தான். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அதோடு அவன் ஏதோ பாட்டை முணுமுணுப்பதும் கேட்டது. அடுப்பில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அந்த மாதம்தான் மறுபடி மீன் வாங்க முடிந்திருந்தது. மேரி சப்பாத்தை மறுபடி செய்தித்தாளில் சுற்றினாள். பையைத் துவைக்காமல் அது இருந்த இடத்திலேயே மாட்டினாள்.

வலி இருந்தால் முகத்தில் தெரியுமே, கால் வலிக்கும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். டாக்டர்கள் எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள். எலும்பு வந்திருக்கும். இன்றைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று இருந்தாள். சாப்பிடும்போது அவன் கிடங்கில் நடந்த கதைகளைச் சொல்வான். லாரிக்காரன் ஒருவன் மலாய்க்காரி ஒருத்திக்காகத் தினமும் வாசலில் நின்று வழிந்ததைச் சொல்லிச் சிரிப்பான். அவனுக்குச் சொல்வதற்குக் கதை இருந்து எத்தனை காலம் ஆயிற்று. மேரி கேட்டுக்கொண்டு இருந்தாள்.

நவம்பர் மாதம், மழை பெய்த ஒரு காலை, சேக் தாவூது வீட்டுக் கதவைத் தட்டினான். சட்டை முழுக்க நனைந்திருந்தது. முன்பக்கத்தில் ரத்தக் கறை.

"தங்கச்சி, பதறாத. ஆம்ப்ரோஸ் விழுந்துட்டான்."

"எங்க?"

"கெடங்குப் படியில. விழுந்து ஒடையல. ஒடைஞ்சுதான் விழுந்திருக்கான். சும்மா எறங்கி வந்துக்கிட்டு இருந்தான், சத்தம் கேட்டுச்சு." அவன் நிறுத்தினான். "கால் சரியாயிடுச்சுன்னு எங்கிட்ட சொன்னான். மாதா சத்தியமா நடக்கலாம்னு டாக்டரே சொல்லிட்டார்னான்."

மெலிந்திருந்த தோலை எலும்பு கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது, ஆறு வருடம் முன்பு போலவே. படியில் தேங்கியிருந்த மழைத் தண்ணீரும் அழுக்கும் உள்ளே போயிருந்தன.

டாக்டர் சுந்தரம் அவளை வார்டுக்கு வெளியே கூப்பிட்டார்.

"அவர் நடந்துக்கிட்டு இருந்தாரா?"

"நடந்தாரு டாக்டர்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு திரும்பி வார்டுக்குள் போனார். கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்கு நன்றாக இருந்திருக்கும்.

முதலில் காலைக் கழுவி, வெளியிலிருந்து கம்பிகள் போட்டு நிறுத்தினார்கள். ஒரு வாரத்தில் காய்ச்சல் ஏறியது. சீழ் வந்தது. இந்த முறை வந்த கிருமி வேறு. பழைய மருந்துக்குக் கட்டுப்படவில்லை. டாக்டர் இருவரையும் வைத்துப் பேசினார். வேறு மருந்து இருக்கிறது. மறுபடி சுரண்டலாம். மறுபடி வில்லை வைக்கலாம். ஒன்றரை வருடம், இரண்டு வருடம் ஆகலாம். நிச்சயம் சொல்ல முடியாது. இல்லையென்றால் எடுத்துவிட வேண்டியதுதான்.

"எடுத்துடுங்க," என்றான் ஆம்ப்ரோஸ்.

"வேணாம் டாக்டர்," என்றாள் மேரி. "மறுபடி செய்யுங்க. நான் பாத்துக்கறேன். தெனம் கட்டுப் போடறேன். இந்தத் தடவ அவர் கீழயே எறங்க மாட்டார்."

"மேரி."

"ஒரு தடவ மூடிச்சுல்ல. மறுபடி மூடும்."

"டாக்டர், கொஞ்சம் வெளிய இருக்கீங்களா?" என்று ஆம்ப்ரோஸ் கேட்டான். அவர் போனதும் அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான். கை சுட்டது.

"அன்னிக்கு பஸ்ஸுல நீதான் சொன்ன, எடுத்துடலாம்னு."

"அது அன்னிக்கு."

"இத்தன வருஷமா நீ என்னக் கட்டிக்கிட்டியா, என் காலக் கட்டிக்கிட்டியா? எனக்கே தெரியல. உனக்குத் தெரியுதா?"

அவள் போர்வையை இழுத்து அவன் மேல் சரிசெய்தாள்.

"அந்த ரெண்டு மாசம் நான் மனுஷனா இருந்தேன். இனிமே படுத்துக்கிட்டு ரெண்டு வருஷம் என்னால முடியாது. கிருமி செத்தா செத்துது, எலும்பு வந்தா வந்துது, எனக்கு வேணாம். எடுக்கச் சொல்லு."

எடுத்தார்கள். முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் மிஞ்சியது.

அறுவை முடிந்த மறுநாள் தாதி ஒருத்தி மேரியிடம் வந்து, எடுத்த காலை மருத்துவமனையே எரித்துவிடும், வேண்டுமானால் குடும்பத்தார் வாங்கிப் புதைத்துக்கொள்ளலாம், முஸ்லிம்கள் பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள் என்றாள். மேரி யோசிக்கவில்லை. "நான் எடுத்துக்கறேன்," என்றாள்.

பங்குச் சாமியார் அனுமதி கொடுத்தார். சுவா சூ காங் கல்லறையில், ஆம்ப்ரோஸின் அப்பா புதைக்கப்பட்ட குழிக்கு அருகிலேயே இடம் காட்டினார்கள். சேக் தாவூது ஒரு வேன் கொண்டுவந்தான். மரப்பெட்டி சின்னது, மடியில் வைத்துக்கொள்ளும் அளவுதான். மேரி அதை வழியெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு போனாள். சாமியார் வரவில்லை, இதற்கென்று தனிச் சடங்கு இல்லை என்று சொல்லியிருந்தார். வெட்டியான் தோண்டிய குழியில் பெட்டியை இறக்கி, அவளே முதல் மண்ணைத் தள்ளினாள். என்ன செபம் சொல்வதென்று தெரியாமல் பரலோக மந்திரத்தைச் சொன்னாள். சேக் தாவூது சற்றுத் தள்ளி இரு கைகளையும் ஏந்தி நின்றான். வேனுக்குத் திரும்பும்போது, தன்னால்தானே என்று அவன் முனகினான். அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

ஆம்ப்ரோஸிடம் அவள் இதைச் சொன்னாள். "சரி," என்றான்.

தையல் பிரிக்க வந்த நாளில் டாக்டர் சுந்தரத்திடம் அவள் தனியாகக் கேட்டாள்.

"டாக்டர், எலும்ப வெட்டிப் பாத்தீங்களா?"

"பாத்தோம்."

"உள்ள எப்படி இருந்துச்சு?"

அவர் பேனாவை மூடித் திறந்தார். "எதுக்கு இப்ப?"

"சொல்லுங்க டாக்டர்."

"வந்திருந்துச்சு," என்றார் அவர். "பாதிக் குழி புது எலும்பு. பழைய கிருமி ஒண்ணுகூட இல்ல. நல்லா வந்திருந்துச்சு, மிசஸ் ஆம்ப்ரோஸ்." பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, "அவர்கிட்ட நான் சொல்லல," என்றார்.

1986 நடுவில் ஆம்ப்ரோஸுக்குச் செயற்கைக் கால் பொருத்தினார்கள். தழும்பு உராய்ந்து புண்ணாகும், கழற்றி வைப்பான், ஆறியதும் மறுபடி போடுவான். மேரிக்கு ஒரு பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் பாத்திரம் கழுவும் வேலை கிடைத்தது. அவன் வீட்டிலிருந்தான்.

ஒருநாள் மருத்துவமனையில் காத்திருந்தபோது, டாக்டர் சுந்தரத்தின் அறையிலிருந்து ஆயிஷா என்ற பெண் வெளியே வந்தாள். கார் விபத்தில் உடைந்த அவள் காலிலும் அதே வில்லைதான் வைத்திருந்தார்கள். வார்டில் பார்த்த பழக்கம். கையில் கட்டை இல்லாமல் நடந்து வந்தாள். ஆம்ப்ரோஸைப் பார்த்ததும் அவள் நடை தயங்கியது. காலை மறைப்பது போலச் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"நல்லாருக்காம்மா?" என்று அவனே கேட்டான்.

"நல்லாருக்குண்ணே. போன மாசம்தான் ஊனச் சொன்னார்."

"நல்லது. சந்தோஷம்."

அவள் போனபிறகு அவர்கள் வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தார்கள். வெயில் கொளுத்தியது. இரண்டு பேருந்துகள் வந்து போயின. இரண்டும் அவர்களுடையது இல்லை.

"எனக்குத் தெரியும்ங்க," என்றாள் மேரி.

"என்ன?"

"நீங்க நடந்துக்கிட்டு இருந்தது. பையில சப்பாத்தப் பாத்தேன். முன்னாடியே பாத்துட்டேன். கேக்கல."

ஆம்ப்ரோஸ் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியும்னு எனக்கும் தெரியும்," என்றான். "நான் பேப்பர சுத்தறது வேற மாதிரி. நீ சுத்தியிருந்தது வேற மாதிரி."

அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்கு ராத்திரி நீ கேப்பேன்னு நெனச்சேன். அடுத்த நாள் கேப்பேன்னு நெனச்சேன். நீ கேட்டிருந்தா நின்னிருப்பேன், மேரி. நீ கேக்காததனால, சரி, அவளுக்கும் இது வேணும் போலருக்குன்னு போய்ட்டே இருந்தேன்."

"நீங்களே சொல்வீங்கன்னு நான் இருந்தேன்."

"ஆமா."

"டாக்டர் சொன்னாரு, எலும்பு..." என்று ஆரம்பித்தாள்.

"வேணாம்," என்றான் அவன். "அது என்னவா இருந்தாலும் எனக்கு வேணாம்."

அவர்கள் பேருந்து வந்தது. மேரி முதலில் ஏறி, திரும்பிக் கையை நீட்டினாள். ஆம்ப்ரோஸ் கம்பியைப் பிடித்து நல்ல காலை முதல் படியில் வைத்தான். பிறகு மற்றதைத் தூக்கி அதன் பக்கத்தில் வைத்தான். பின்னால் நின்றவர்கள் பொறுத்திருந்தார்கள். ஓட்டுநர் எஞ்சினை அணைக்காமல் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது படியில் அவன் மேரியின் கையைப் பிடித்துக்கொண்டான். இருவரும் உள்ளே போய், காலியாக இருந்த முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள்.